சீனியரின் கேஸ் கட்டில் பார்த்த ரிப்போர்ட்டைக் கல்லூரி அறிக்கையில் சேர்க்கலாமா?

வாசகர் கேள்வி:

மேடம், நான் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் நான்காம் ஆண்டு மாணவி. ஊர் பாலாற்றங்கரை. அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிறார். எங்கள் சட்ட உதவி மையத்தில் ஐந்து பேருக்கு ஒரு கிராமம் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். கிணற்று நீர் கெட்டுப்போனது பற்றி மக்களிடம் பேசி ஓர் அறிக்கையும், பசுமைத் தீர்ப்பாயத்துக்கு (சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் அமைப்பு) ஒரு மாதிரி மனுவும் தயார் செய்ய வேண்டும். இதே நேரத்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப்பும் செய்கிறேன். போன வாரம் அங்கே ஒரு கேஸ் கட்டை அடுக்கும்போது, அந்தக் கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டேனரி (தோல் பதனிடும் ஆலை) தன் கழிவுநீரைத் தனியார் லேபில் சோதித்த ரிப்போர்ட் கண்ணில் பட்டது. டி.டி.எஸ். (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 6,000 மில்லிகிராமுக்கு மேல். டேனரிக்காகச் சீனியர் தயாரிக்கும் கவுன்டரிலோ (பதில் மனுவிலோ) எல்லாம் வரம்புக்குள் இருப்பதாக எழுதியிருக்கிறது. போனில் ஒரு போட்டோ எடுத்துவிட்டேன், இன்னும் யாரிடமும் காட்டவில்லை. இதை அறிக்கையில் சேர்க்கலாமா? அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்கு உண்மை தெரிய வேண்டாமா? டேனரிக்காக ஆஜராகும் அலுவலகத்தில் நான் இருப்பதே தப்பா?

பதில்:

சேர்க்காதீர்கள். டீமின் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், நெருங்கிய தோழிக்கும் காட்டாதீர்கள். கிணற்றுத் தண்ணீரைவிடக் கம்பெனி ரகசியம் பெரிது என்று நான் நினைப்பதாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் வக்கீலான நாளிலிருந்து பாதி நாள் இந்தத் தண்ணீர் வழக்குகளில்தான் கழிந்திருக்கிறது. அந்தக் கிராமத்துக்கு உண்மை தெரிந்தே ஆக வேண்டும். அதை நேர்வழியில் வாங்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, உங்கள் அறிக்கைக்கு வேண்டியதும் அதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்; முதலில் உங்கள் போனில் இருக்கிற படத்தைப் பேசி முடித்துவிடலாம்.

பார் கவுன்சிலின் நடத்தை விதிகள் பதிவு செய்த வழக்கறிஞர்களுக்குத்தானே, நான் மாணவிதானே என்று உங்களுக்குத் தோன்றலாம். எழுத்தளவில் அது சரி. ஆனால் கட்சிக்காரர் வக்கீலிடம் கொடுத்ததை வெளியே சொல்லக் கூடாது என்ற பாதுகாப்பு பழைய சாட்சியச் சட்டத்தின் 126-வது பிரிவில் இருந்தது, இப்போது 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 132-வது பிரிவில் இருக்கிறது. அது வக்கீலோடு நிற்பதில்லை. அவருடைய குமாஸ்தாவுக்கும் ஊழியர்களுக்கும் பொருந்தும். இன்டர்ன் ஊழியரா இல்லையா என்று மூட் கோர்ட்டில் (மாணவர்களின் பயிற்சி நீதிமன்றத்தில்) வேண்டுமானால் ஒரு மணி நேரம் வாதாடலாம். அந்தக் கட்டைத் தொட உங்களை அனுமதித்ததே நீங்கள் அந்த அலுவலகத்தின் ஆள் என்ற நம்பிக்கையில்தான். எனக்கு அதுவே போதும்.

கொஞ்சம் கூர்மையாகப் படிக்கிற மாணவி என்றால் இந்த இடத்தில் பூரன் மல் வழக்கைக் கொண்டுவருவீர்கள்: முறைகேடாகக் கிடைத்த ஆவணம் என்பதற்காக மட்டும் நீதிமன்றம் அதை ஒதுக்கிவிடாது என்று. கூடவே, தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 19-வது பிரிவு சாட்சியச் சட்ட விதிகள் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது என்று சொல்வதையும் சேர்ப்பீர்கள். இரண்டும் சரிதான். ஆனால் ஒரு ஆவணத்தை நீதிமன்றம் ஏற்குமா என்பது நீதிபதியின் கேள்வி. அதை நீங்கள் எடுத்துக் கொடுக்கலாமா என்பது உங்கள் கேள்வி. முதல் கேள்விக்கு என்ன பதில் வந்தாலும் இரண்டாவதிலிருந்து உங்களுக்கு விடுதலை கிடையாது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அந்தத் தனியார் சோதனையை டேனரி முதலாளி ஏன் செய்தார்? ‘முதலில் உங்கள் குழாயில் உண்மையில் எவ்வளவு வருகிறது என்று பார்த்துக்கொண்டு வாருங்கள்’ என்று சீனியரே அனுப்பியிருக்கலாம். நானும் அப்படிப் பலரை அனுப்பியிருக்கிறேன். உண்மையான எண் கையில் இருந்தால்தான் ஒரு முதலாளியை உட்கார வைத்து, ஆர்.ஓ. மெம்பிரேனை மாற்றுங்கள், இல்லாவிட்டால் இந்த வழக்கில் தோற்பீர்கள் என்று சொல்ல முடியும். வக்கீலிடம் கொடுத்த ரிப்போர்ட் கல்லூரி அறிக்கையில் வந்துவிட்டது என்று ஊருக்குத் தெரிந்தால், அதற்குப் பிறகு ஒரு முதலாளியும் உண்மையாகச் சோதித்துப் பார்க்க மாட்டார். நஷ்டம் ஆற்றுக்குத்தான்.

சரி, அந்த எண்ணுக்கும் கவுன்டரில் இருக்கிற வாசகத்துக்கும் பொருந்தவில்லையே? உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த இடம் இதுதான். மாதிரி எடுத்த இடம் எது, தேதி என்ன என்று நீங்கள் எழுதவில்லை. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வரும். அதை முதலில் ஊறவைத்துக் கழுவுகிற தண்ணீரில் அந்த உப்பு முழுக்க இறங்கும். சுத்திகரிப்புக்கு முந்தைய தொட்டியில் எடுத்த மாதிரி என்றால் 6,000 ஒன்றும் ஆச்சரியமே இல்லை. சுத்திகரித்து வெளியே விடுகிற இடத்தில் எடுத்தது என்றால், 2,100 மில்லிகிராம் என்ற வரம்புக்கு முன்னால் அது பெரிய மீறல். பழைய தேதியிட்ட ரிப்போர்ட்டாக இருந்து, அதற்குப் பிறகு இயந்திரத்தை மாற்றியிருந்தால் கவுன்டர் உண்மையாகவே இருக்கலாம். ஒரு தாளைப் பார்த்ததும் முடிவுக்கு வந்துவிடாமல் ‘எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, யார் எடுத்தது’ என்று கேட்பதுதான் இந்தத் துறையில் முதல் பாடம்.

ஆகவே சீனியரிடமே கேளுங்கள். அறையில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, ‘சார், கட்டை அடுக்கும்போது லேப் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். கவுன்டரில் இருக்கிறதோடு எனக்குப் பொருந்தவில்லை, விளக்கிச் சொல்வீர்களா’ என்று கற்றுக்கொள்ள வந்தவளாகக் கேளுங்கள். போட்டோ எடுத்ததையும் அப்போதே சொல்லிவிட்டு அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள். மூலம் கட்டில் பத்திரமாக இருப்பதால் அழிப்பதில் யாருக்கும் இழப்பில்லை. அவர் கோபப்படலாம், திட்டலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். மறைத்து வைத்து ஆறு மாதம் கழித்து வெளியே வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

நல்ல சீனியர் என்றால் உட்கார வைத்து விளக்குவார், அல்லது ‘நல்ல வேளை கேட்டாய்’ என்று அந்தப் பத்தியைத் திருத்துவார். கட்சிக்காரர் குறுக்கு வழியில் போனால் தன்னால் ஆன அளவு தடுக்க வேண்டியது வக்கீலின் கடமை என்று பார் கவுன்சில் விதியே சொல்கிறது. தெரிந்தே பொய்யான பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய உதவுவது வேலையின் பகுதி கிடையாது. ‘அதெல்லாம் உனக்கு எதற்கு’ என்று அவர் தள்ளிவிட்டால், அந்தக் கவுன்டரில் ஒரு வரி டைப் செய்யவும் மறுத்துவிடுங்கள், இன்டர்ன்ஷிப்பை முடித்துக்கொள்ளுங்கள். சட்டவிரோதக் காரியத்தை நடத்திக்கொள்வதற்காகச் சொன்னவற்றுக்கும், வக்கீல் அமர்த்தப்பட்ட பிறகு நடந்த குற்றம் அல்லது மோசடிக்கும் 132-வது பிரிவு பாதுகாப்புத் தராது என்பது உண்மை. ஆனால் இந்த விஷயம் அதில் வருகிறதா என்று நான்காம் ஆண்டில் தனியாக உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். நெறிமுறைகள் பாடம் எடுக்கும் ஆசிரியரிடம் கட்சிக்காரர் பெயரும் ஊரும் சொல்லாமல் கேளுங்கள்.

அடுத்தது, இதைத் தள்ளிப்போட வேண்டாம்: அந்தக் கிராமத்து டீமிலிருந்து விலகிவிடுங்கள். ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்ன வக்கீல் அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்குப் போகக் கூடாது என்பது பார் கவுன்சிலின் 33-வது விதி. நீங்கள் வக்கீல் இல்லைதான். ஆனால் டேனரியின் கட்டைப் பார்த்த கண்ணோடு கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதினால், போட்டோவை அழித்த பிறகும் அந்த 6,000 உங்கள் கேள்விகளில் கசிந்துகொண்டே இருக்கும். ‘இன்டர்ன்ஷிப்பில் முரண்பாடு வருகிறது, வேறு ஊர் கொடுங்கள்’ என்று ஆசிரியரிடம் சொன்னால் போதும், காரணத்தை விளக்க வேண்டியதில்லை. புது ஊரில் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே உங்கள் அம்மா தோல் தொழிலை நம்பிய கம்பெனியில் வேலை செய்கிறார் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அந்தப் பகுதியில் முக்கால்வாசி வீட்டுச் சோறு தோலில்தான் வருகிறது. கெட்ட தண்ணீரும் அதே வீடுகளுக்குத்தான் வருகிறது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து இறந்த 10 பேரும் அங்கே உழைக்க வந்தவர்கள்தான். உங்கள் வீட்டிலிருந்து எழுதும்போது அந்த இரண்டு பக்கமும் அறிக்கையில் தெரியும்.

இப்போது அந்த நேர்வழிக்கு வருகிறேன். உங்கள் டீமில் மீதி இருக்கிற நான்கு பேருக்கும் இதைப் பொதுவான பாடமாகச் சொல்லலாம், கட்டில் பார்த்ததோடு இதற்குச் சம்பந்தமே இல்லை. உங்கள் பாலாற்றுக்காகத்தான் 1991-இல் வேலூர் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பை நீங்கள் தேர்வுக்குப் படித்திருப்பீர்கள். முன்னெச்சரிக்கைக் கொள்கை, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை என்று இரண்டையும் ஐந்து மதிப்பெண் விடையாக எழுதிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். அதே தீர்ப்பில், தன் செயலால் சூழலுக்குக் கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் சுமை தொழில் நடத்துபவர் மேல்தான் இருக்கிறது என்ற பகுதியை அநேகமாக யாரும் நின்று படிப்பதில்லை. கிராமத்துக்காரர் டேனரியின் உள் ரகசியத்தைக் கொண்டுவந்து நிரூபிக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. தன் கிணறு கெட்டிருக்கிறது, பக்கத்தில் இந்தத் தொழில் நடக்கிறது, கழிவு போகிற வழி இது என்று நம்பகமாகக் காட்டினால், பதில் சொல்ல வேண்டியது அந்தப் பக்கம். ஆவணங்களைத் தாக்கல் செய்யச் சொல்லவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

அந்த நம்பகம் எங்கே கிடைக்கும்? 1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம், 25-வது பிரிவு, உட்பிரிவு 6. இதை மாணவர்களிடம் சொல்லாமல் நான் வகுப்பை முடிப்பதில்லை. கழிவை வெளியேற்ற மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணையின் (அனுமதி ஆணையின்) நிபந்தனைகளை ஒரு பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும், அந்தக் கழிவால் பாதிக்கப்படுகிறவரோ அதில் அக்கறை உள்ளவரோ அதைப் பார்வையிடலாம் என்கிறது அது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு விவசாயியோடு போய், பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். தரவில்லையா, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் இசைவாணை நகல், ஆய்வு அறிக்கைகள், கழிவுநீர் மாதிரி முடிவுகள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். செமஸ்டர் தொடங்கிய வாரத்திலேயே போட்டுவிட்டால் அறிக்கை எழுதும் நேரத்தில் கையில் இருக்கும். கடைசி வாரத்தில் போடுகிறவர்களைத்தான் ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன்.

அப்புறம் கிணற்று நீர். இதில் நான் பட்டது ஒன்று உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஊர்க்காரர் குளிர்பானப் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பழுப்பு நிறம், வாடை. ஆத்திரத்தோடு நேராக லேபுக்கு அனுப்பி, ரிப்போர்ட்டை மனுவோடு இணைத்தேன். எதிர்த்தரப்பு சீனியர் எழுந்து மூன்றே கேள்வி கேட்டார்: பாட்டில் எப்போது கழுவியது, எந்தக் கிணறு, எடுத்தவர் எங்கே? எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. அந்த ரிப்போர்ட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கிணறு கெட்டிருந்தது உண்மை. என் அவசரத்தால் அந்த உண்மை அன்றைக்கு ஊமையாகிவிட்டது. வெளியே வந்தபோது அந்தப் பெரியவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, ‘பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா’ என்று மட்டும் சொன்னார். இன்றைக்கும் அதுதான் என் காதில் இருக்கிறது.

அதனால் நீங்கள் இப்படிச் செய்யுங்கள். கேனை லேபிலிருந்தே வாங்குங்கள், குரோமியம் (தோல் பதனிடப் பயன்படும் உலோகம்) பார்க்க வேண்டுமென்றால் அதற்கு அமிலம் விட்ட தனிப் பாட்டில் தருவார்கள். சாதாரணக் கேனை அதே கிணற்று நீரால் மூன்று முறை அலசுங்கள் (அமிலம் விட்டதை அலசக் கூடாது). மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். சர்வே எண், தேதி, மணி, எடுத்தவர் பெயர் எல்லாவற்றையும் அங்கேயே லேபிளில் எழுதி, கிணற்றுக்காரரிடம் கையெழுத்து வாங்கி, கேனோடு அவர் நிற்பதைப் படம் எடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே லேபில் சேருங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். குடிநீருக்கு டி.டி.எஸ். 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை என்பது இந்திய தர நிர்ணயம். டேனரியின் கழிவு பற்றி ஒரு வரி இல்லாமலேயே அந்த ஒரு தாள் உங்கள் அறிக்கையைத் தாங்கும்.

ஊரில் பேசும்போது ஒன்றில் கவனமாக இருங்கள். ‘பணம் எப்போது வரும்?’ என்று கேட்பார்கள். ‘கண்டிப்பாக வரும்’ என்று உங்கள் வாயில் வரும், இரக்கத்தில்தான் வரும். சொல்லாதீர்கள். அதே வேலூர் வழக்கில் அமைக்கப்பட்ட சூழல் இழப்பு ஆணையம் 2001-இல் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மொத்தம் 26 கோடி ரூபாய் சொச்சம் நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள், தலைக்குப் பத்தாயிரம்கூட வராது. இழப்பீடு போய்ச் சேராதது, ஆறு சுத்தமாகாதது என்று 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. ‘நாங்கள் மாணவர்கள், வழக்கு நடத்த முடியாது, இது மாதிரி மனு, வேண்டுமானால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சேர்த்துவிடுகிறோம்’ என்று முதல் நாளே தமிழில் எழுதிப் படித்துக் காட்டிவிடுங்கள். ஆனால் காலவரம்பைச் சொல்லாமல் திரும்பாதீர்கள்: பசுமைத் தீர்ப்பாயத்தில் சூழல் தகராறைத் தீர்க்கக் கேட்கும் 14-வது பிரிவு மனு என்றால் ஆறு மாதம், 15-வது பிரிவில் இழப்பீடு என்றால் ஐந்து ஆண்டு, தகுந்த காரணம் காட்டினால் இரண்டுக்கும் கூடுதலாக 60 நாள். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய்தான். நீங்கள் மதிப்பெண் வாங்கிப் போன பிறகு அவர்களுடைய கெடு முடிந்துபோனால், அந்த அறிக்கை அவர்களுக்கு எதற்கு?

கடைசிக் கேள்வி, டேனரிக்கு ஆஜராகும் அலுவலகத்தில் இருப்பது தப்பா? இல்லை. தான் தொழில் செய்கிற நீதிமன்றத்தில் வருகிற வழக்கை, தகுந்த கட்டணத்தில், ஏற்க வேண்டும் என்பதுதான் பார் கவுன்சிலின் 11-வது விதியின் பொது நிலை. விசேஷக் காரணம் இருந்தால் மறுக்கலாம். மனசாட்சிக்கு ஒவ்வாது என்று மறுத்தால் உங்களை மதிப்பேன். ஏற்றுக்கொண்டு, கட்சிக்காரரிடம் கசப்பான உண்மையை முதலில் சொல்கிற வக்கீலையும் அதே அளவுக்கு மதிப்பேன். நம் கல்லூரிகளில் நெறிமுறைகள் தாளை விதி எண்களாக மனப்பாடம் செய்ய வைக்கிறோம், சுற்றுச்சூழல் சட்டத்தை வழக்குப் பெயர்களாக. இரண்டும் கட்டாயப் பாடம், இரண்டையும் ஒரே ஆசிரியர் ஒரே கிராமத்தில் வைத்துச் சொல்லித்தர வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தை என் வகுப்பில் வாசிக்க அனுமதி தருவீர்களா? அடையாளம் தெரியாமல் மாற்றிக்கொள்கிறேன்.

இன்னும் ஒரு சின்ன விஷயம். இன்டர்ன்ஷிப் டைரியைக் கல்லூரியில் கொடுப்பீர்கள், வைவாவில் வெளித் தேர்வாளர் புரட்டிப் பார்ப்பார். போன வாரத்துப் பக்கத்தில் கட்சிக்காரர் பெயரையோ அந்த எண்ணையோ எழுதியிருந்தால் இப்போதே மாற்றி எழுதுங்கள். ‘ஒரு தொழிற்சாலை வழக்கில் கவுன்டர் தயாரிப்பதைக் கவனித்தேன்’ என்று இருந்தால் போதும்.